குமரேசனுக்கு ஒரு மாட்டுக் கணக்கு

அமரில்லோ, டெக்சாஸ்
3.8.2025, ஞாயிறு

மாப்ளே குமரேசா,

திட்ட வேண்டியதை எல்லாம் இப்போதே திட்டி முடித்துவிடு. பொங்கலுக்கு நீ எழுதிய ஆறு பக்கத்துக்கு ஆடிப்பெருக்கு அன்று பதில் எழுதுகிறேன். நடுவில் வாட்ஸாப்பில் கட்டைவிரல் காட்டியது பதிலில் சேராது என்று எனக்கும் தெரியும். அமராவதியில் தண்ணீர் வந்ததா? இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்குப் பல்லில் கம்பி போட்டிருக்கிறது. பெரியவன் என்னைவிட அரை அடி உயரம். கவிதா உன் வீட்டில் மாவடு பக்குவம் கேட்டு இரண்டு மாதமாகிறது, ஞாபகப்படுத்து. குடும்பச் செய்தி அவ்வளவுதான்.

அம்மாவிடம் நான் பெரிய மாட்டாஸ்பத்திரியில் வேலை பார்ப்பதாகச் சொல்லி வைத்தாயே, அந்தப் பொய் இன்னும் உயிரோடு இருக்கிறதா? போன தடவை போனில், "எத்தனை மாடு குணமாகி வீட்டுக்குப் போச்சு சாமி?" என்று கேட்டார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எல்லாம் போயிடுச்சும்மா என்றேன். பொய்யும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமை எங்கள் யார்டில், அதாவது மாட்டைக் கொழுக்க வைத்து அறுப்புக்கு அனுப்புகிற ஃபீட்லாட்டில், தீவன மில்லின் இரண்டாவது ஷிஃப்டை நிறுத்திவிட்டார்கள். குதிரையில் பட்டி பட்டியாகப் போய் நோய் பார்க்கிற ஆட்களில் நான்கு பேரை அனுப்பியாகிவிட்டது. எனக்கு வாரத்தில் ஐந்து நாள் வேலை இனி நான்கு நாள். நாற்பத்தைந்தாயிரம் மாடு நிற்க வேண்டிய இடத்தில் இருபத்தொன்பதாயிரம்தான் நிற்கிறது. விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தொட்டி தொட்டியாகப் பார்த்துக்கொண்டு போவேன். முந்தின நாள் போட்டதில் எவ்வளவு மிச்சம், நக்கி வைத்திருக்கிறதா, கிளறிவிட்டு விட்டிருக்கிறதா என்று பார்த்து அன்றைய அளவைச் சொல்ல வேண்டும். இப்போது தெற்கு வரிசையில் தொட்டிகளில் தூசிதான் இருக்கிறது. ஒன்றில் குருவி கூடு கட்டியிருக்கிறது. ஆவியில் வெந்து தட்டையாக வரும் மக்காச்சோள வாசனை மட்டும் அப்படியே. தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் சோளக்கதிர் அவிக்கிற அந்த வாசனையேதான், நாற்பது டன் கணக்கில்.

ஏன் காலி என்று கேட்பாய். ஒரு காரணம் உனக்குச் சிரிப்பாக இருக்கும்: புழு. புண்ணில் வைக்கிற அதே புழு. நீ தினமும் டர்பன்டைன் பஞ்சை அடைத்து, இடுக்கியால் எண்ணி எண்ணி எடுக்கிறாயே, அதன் அமெரிக்கப் பங்காளி. செத்த சதையைத் தொடாது, உயிருள்ள சதையைத்தான் தின்னும். 1960-களிலேயே இந்த நாட்டிலிருந்து இதை ஒழித்துவிட்டார்கள். கதிர்வீச்சில் மலடாக்கிய ஆண் ஈக்களை விமானத்திலிருந்து கொட்டுவது, பெண் ஈ ஆயுளில் ஒரே தடவைதான் இணையும் என்பதால் அதன் முட்டை எல்லாம் வீணாகப் போவது. நம் கால்நடைக் கல்லூரிப் பரீட்சையில் அரைப் பக்கக் கேள்வி, நீ என் பேப்பரைப் பார்த்து எழுதினாய். அந்த ஈ பனாமாவைத் தாண்டி வடக்கே ஏறி மெக்சிகோவுக்கு வந்துவிட்டது. போன நவம்பரில் அங்கே சியாபாசில் ஒரு மாட்டில் கண்டவுடன் இவர்கள் மெக்சிகோ மாட்டுக்கு எல்லையை மூடினார்கள். பிப்ரவரியில் திறந்து, மே மாதம் மறுபடி மூடி, ஜூலை 7 அன்று அரிசோனாவில் ஒரே ஒரு வாசலைத் திறந்து, இரண்டே நாளில் அதையும் மூடிவிட்டார்கள். வெராகுரூசில் இன்னொரு மாடு. வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் கன்றுகள் அந்த வழியாக வந்துகொண்டிருந்தவை. எங்கள் தெற்கு வரிசை முழுக்க அவைதான்.

ஒரு புண்ணுக்காக இத்தனை ஆர்ப்பாட்டமா என்று நானும் முதலில் நினைத்தேன். ஆனால் இங்கே ஒரு பண்ணையில் நாலாயிரம் ஏக்கருக்கு இரண்டு ஆள். பிறந்த கன்றின் தொப்புளைத் தினமும் யார் தூக்கிப் பார்ப்பது? நம் ஊரில் ஒரு மாட்டுக்கு ஒரு பாட்டி இருக்கிறாள். இங்கே பாட்டி கிடையாது. அதனால் பயப்படுகிறார்கள், நியாயம்தான்.

ஆனால் மாப்ளே, நான் எழுத உட்கார்ந்தது புழுவைப் பற்றி அல்ல. ஜூலை 25 வெள்ளிக்கிழமை அமெரிக்க வேளாண் துறையின் மாட்டுக் கணக்கு வந்தது. ஆயிரம் மாட்டுக்கு மேல் கட்டுகிற ஃபீட்லாட்டுகளில் ஜூலை 1 அன்று 1 கோடியே 11 லட்சம் உருப்படி. போன வருஷத்தைவிட 2 சதவீதம்தான் குறைவு. எங்கள் மேனேஜர், "பார், ஒன்றும் மோசமில்லை, நம் பக்கம்தான் கொஞ்சம் இளைப்பு" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வயசானதால் என்று கவிதா சொல்கிறாள்.

யோசித்துப் பார். இந்த நாட்டு மொத்த மந்தை ஜனவரி 1 அன்று 8 கோடியே 67 லட்சம். 1951-க்குப் பிறகு இவ்வளவு சுருங்கியதே இல்லை. கன்று போடுகிற இறைச்சி மாட்டுப் பசுக்கள் 2 கோடியே 79 லட்சம், அது 1961-க்குப் பிறகு மிகக் குறைவு. தாய் அவ்வளவு குறைந்திருக்கும்போது பட்டி மட்டும் எப்படி இவ்வளவு நிறைந்து நிற்கும்?

இரண்டு வழியில். ஒன்று, மாடுகள் வெளியே போக அதிக நாள் எடுக்கின்றன. புதுக் கன்று கிடைக்கவில்லை, சோளம் மலிவு, அதனால் இருக்கிறதையே இன்னும் மூன்று வாரம், நான்கு வாரம் வைத்துக் கொழுக்க விடுகிறோம். விருந்தாளி கிளம்பாத வீடு எப்போதும் நிறைந்துதான் தெரியும். அறுத்துத் தோலுரித்த எடை ஒரு காளைக்கு 900 பவுண்டைத் தாண்டிவிட்டது. 1975-இல் இங்கே 13 கோடியே 20 லட்சம் மாடு இருந்தது. அன்று கிடைத்த இறைச்சியைவிட இன்று, இந்தச் சின்ன மந்தையிலிருந்து, அதிகம் கிடைக்கிறது. அதில் என் கை வேலையும் கொஞ்சம் உண்டு, அந்தப் பெருமையை விட்டுத்தர மாட்டேன்.

இரண்டாவதுதான் என்னை அரிக்கிறது. பட்டியில் நிற்கிற நூறில் 38 கிடேரி. பத்து வருஷத்துக்கு முன் மந்தையைப் பெருக்கிய காலத்தில் இது மூன்றில் ஒரு பங்காக இறங்கியிருந்தது. இப்போது இறங்க மாட்டேன் என்கிறது. அம்மாவாக வேண்டியவை தொட்டியில் தலைவிட்டுத் தின்றுகொண்டு நிற்கின்றன. விதை நெல்லைக் குத்திப் பொங்கல் வைத்துவிட்டு, பானை பொங்கியதைப் பார்த்துக் களஞ்சியம் நிறைந்திருக்கிறது என்கிறோம். அந்த 1 கோடியே 11 லட்சம் எனக்கு அப்படித்தான் தெரிகிறது.

இதில் விசித்திரம் என்ன தெரியுமா? நிலைமை தேற ஆரம்பிக்கிற அன்று கணக்கு இன்னும் மோசமாகத் தெரியும். பண்ணைக்காரர்கள் கிடேரியைப் பிடித்து வைத்துக்கொண்டால் பட்டிக்கு வருவது குறையும், இறைச்சி குறையும், விலை ஏறும். ஏற்கனவே கொத்துக்கறி பவுண்டு 6 டாலரைத் தாண்டிவிட்டது. எழுநூற்றைம்பது பவுண்டு கன்று 2,400 டாலரைத் தொடுகிறது. விரலில் எண்ணிப் பார்: இந்த வசந்தத்தில் பிறந்த கிடேரியை விற்காமல் வைத்தால் அடுத்த கோடையில் சினை, 2027 வசந்தத்தில் ஈத்து, அந்த இலையுதிர் காலத்தில் அதன் கன்று பால் மறக்கும், 2028-இல் பட்டிக்கு வரும். தட்டுக்கு வர 2028 தீபாவளி. அதற்குள் நான் எத்தனை நாள் வேலையில் இருப்பேனோ.

ஏன் வைத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள் என்று அறையில் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை வாயை மூடிக்கொண்டேன். ஒரு பெரியவர் இங்கே ஓடுகிற கனேடியன் ஆற்றுப் பக்கத்திலிருந்து டிரெய்லரில் கிடேரிகள் கொண்டுவந்தார். போன வருஷம் பிப்ரவரியில் பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்த தீ இருக்கிறதே, ஸ்மோக்ஹவுஸ் க்ரீக் தீ, நான் அப்போது போன் பண்ணினேனே, அதில் இவருக்குப் புல்லும் போயிற்று, வேலியும் போயிற்று. அதற்கு முன் மூன்று வருஷ வறட்சி. வயது எழுபத்து நான்கு. மகன் டாலஸில் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருக்கிறான். வேலி போட வங்கியில் கடன், வட்டியோ முன்னைப்போல் இல்லை. கிடேரிக்கு வரலாறு காணாத விலை. நீயாக இருந்தால் என்ன செய்வாய்? நானாக இருந்தால் விற்றிருப்பேன்.

அறுபது உருப்படி இறங்கியது. எடை போட ஓட்டும் சந்தில் அவர் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்று கடந்தது, இரண்டு கடந்தது. நெற்றியில் வெள்ளை விழுந்த ஒன்று வந்தபோது கேட்டைத் தள்ளி அதை ஒதுக்கினார். அப்புறம் இன்னொன்று. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் எட்டு ஒதுங்கி நின்றது. "இதுகளோட அம்மாக்கள் தீயிலேருந்து தானா வீட்டுக்கு வந்ததுங்க" என்றார், என்னைப் பார்க்காமல். எட்டையும் திரும்ப டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வந்த டீசல் செலவும் நட்டம், மாடு வழியில் இளைத்த எடையும் நட்டம். எங்கள் ஆபீசில் சீட்டைத் திருத்தி எழுதிய பெண் முணுமுணுத்தாள். நான் ஐம்பத்திரண்டுக்குத் தீவனம் எழுதினேன்.

அந்த எட்டும் அடுத்த கணக்கில் குறைவாகத்தான் வரும். எங்கள் மேனேஜர் இன்னும் கவலைப்படுவார்.

இன்னொரு வேடிக்கை. இங்கே கொழுத்த மாட்டிலிருந்து விழுகிற கொழுப்புத் துண்டை அப்படியே பர்கருக்கு அரைக்க முடியாது. கொழுப்பில்லாத சிவப்புச் சதை கலக்க வேண்டும். அது கிழட்டுப் பசுவிலிருந்து வர வேண்டும், இல்லை வெளிநாட்டிலிருந்து. பசு கம்மி, அதனால் ஆஸ்திரேலியாவும் பிரேசிலும். இப்போது பிரேசிலுக்கு 50 சதவீத வரி, 6-ஆம் தேதியிலிருந்து. பிரேசிலில் மேய்கிற மாட்டில் பெரும்பாலானது எது? நெலோர். நம் நெல்லூர்தான்! பழைய மெட்ராஸ் ராஜதானி மாடு, திமிலோடு கப்பலேறி அங்கே போய்ப் பெருகிவிட்டது. டெக்சாஸ் பிரம்மன் இனத்திலும் அதன் ரத்தம் உண்டு. தெற்கேயிருந்து வருகிற டிரெய்லரில் அலைதாடியும் தொங்கு காதுமாக ஒன்று இறங்கினால் எனக்குக் கை தானாகத் தடவப் போகும். ஒரு தடவை உதையும் வாங்கினேன். நெல்லூர்க்காரிக்குத் தமிழ் புரியவில்லை.

வேலை போய்விடுமோ என்று பயமா என்று நீ கேட்பாய், கேட்காவிட்டாலும் நினைப்பாய். பயம்தான். கவிதாவிடம் நான்கு நாள் வேலை என்பதை "நல்லது, வெள்ளிக்கிழமை வீட்டில் இருப்பேன்" என்று சொல்லியிருக்கிறேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். மூளையுள்ளவள். பக்கத்தில் ஒரு பால் பண்ணையில் கேட்டிருக்கிறேன். அங்கே ஏழாயிரம் பசு, கறவைக்கு இறைச்சி மாட்டு விந்து போட்டு அந்தக் கன்றை நல்ல விலைக்கு விற்கிறார்கள். எங்கள் பட்டிகள் காலியாக இருப்பது அவர்களுக்கு யோகம். செயற்கைக் கருவூட்டலில் நாமக்கல்லில் நான்தான் முதல் என்று எழுதிப் போடலாம் என்றிருக்கிறேன். ஏழாம் நம்பர் ரூம் விவகாரத்தை நீ யாரிடமும் சொல்லாமல் இருந்தால் சரி.

தங்கராசு அண்ணனைப் பார்த்தால் அந்த 340 ரூபாயை நான் மறக்கவில்லை என்று சொல். வட்டியோடு கேட்டால் மட்டும் என் நம்பரைக் கொடுக்காதே.

அடுத்த கணக்கு 22-ஆம் தேதி வருகிறது. கிடேரி எண்ணிக்கை அதில் வராது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான். அது தெரிய அக்டோபர் வரை பொறுக்க வேண்டும். நான் அதற்கு முன்பே எழுதுகிறேன், இந்தத் தடவை நிஜமாகவே.

பொங்கல் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தாய். தீவனம் கட்டுப்படியாகவில்லை, மயிலைக் கிடேரியைச் சித்திரையில் கண்ணபுரம் சந்தைக்கு ஓட்டப் போகிறேன் என்று. அப்போது அதைப் படித்துவிட்டுத் தாண்டிப் போய்விட்டேன். இப்போது நான்கு நாளாக அதே வரி. ஓட்டிவிட்டாயா? தரகன் துண்டைப் போட்டு உன் விரலைப் பிடித்தானா? இல்லை, இன்னும் உன் தொழுவத்தில்தான் நிற்கிறதா? நின்றால், சினை பிடித்ததா என்று எழுது.

உன்,
சைலேஜ் சாமிநாதன்