முதலில் சிம்னி, அப்புறம் கார்பெட்

ஹாலிஃபாக்ஸ்
செப்டம்பர் முதல் வாரம்

அன்புள்ள செல்வம்,

வீட்டுச் சாவி கைக்கு வந்துவிட்டது என்று நீ எழுதியதை இவளிடம் சத்தமாகவே வாசித்துக் காட்டினேன். சாமி படம் மாட்ட ஒரு ஆணி அடிப்பதற்குக்கூட வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டுக் காலம் தள்ளியவர்கள் நாம். இனி எந்தச் சுவரில் வேண்டுமானாலும் அடி. நவம்பரில் அம்மா வருகிறார்கள் என்பது அதைவிட நல்ல செய்தி. இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் மான்செஸ்டரில் இரண்டாம் வருடம் போகிறாள், சின்னவனுக்கு மீசை அரும்புகிறது. பாளையங்கோட்டை வீட்டை விற்பதா வேண்டாமா என்ற பேச்சு அண்ணன் தம்பிகளுக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நேரில் பேசுவோம்.

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்னறைக் கார்பெட்டில், சுவரை ஒட்டி, விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு சுற்றிலும் ஓடுகிறது. அம்மா வருவதற்குள் ஆள் வைத்துக் கார்பெட் முழுவதையும் கழுவிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகக் கழுவலாம். ஆனால் சிம்னியைப் பார்க்காமல் கார்பெட்டில் கை வைக்காதே.

அந்தக் கோடு யாரும் காலால் கொண்டுவந்த அழுக்கு இல்லை. உன் வீடு 1905 வாக்கில் கட்டியது. அந்தக் காலத்து வீடுகளில் தரை என்பது மரச்சட்டங்களின் மேல் அடித்த பலகைதான். அடியில் வெற்றிடம் இருக்கும், அதற்குக் காற்று போக வெளிச்சுவரின் அடிப்பகுதியில் ஓட்டைச் செங்கல் வைத்திருப்பார்கள். வீட்டுக்குள் சூடான காற்று திறந்த சிம்னி வழியே நாள் முழுக்க மேலே போய்க்கொண்டே இருக்கும், நெருப்பு மூட்டாத நாளிலும்கூட. போன காற்றுக்கு ஈடாக வேறு காற்று உள்ளே வந்தாக வேண்டும் அல்லவா? அது தரைக்கு அடியிலிருந்து, சுவரின் அடியோரம் ஓடும் ஸ்கர்ட்டிங் பலகையின் இடுக்கு வழியாக வருகிறது. வரும் வழியில் கார்பெட்டின் ஓரம் அதை வடிகட்டுகிறது. தெருவின் வண்டிப்புகை, நுண்தூசி, கரி எல்லாம் அங்கேயே தங்கிவிடும். மூடியே கிடக்கும் அறைக் கதவுக்கு அடியிலும் இதே கறுப்பு இருக்கும், பார். நல்ல தொழில்காரர் வந்தால் அதை வெளுக்க வைப்பார். முழுக்கப் போய்விடும் என்று உறுதி சொல்பவரை நம்பாதே. அந்த இடுக்குகளை அடைக்காவிட்டால் ஒன்றிரண்டு குளிர்காலத்தில் கோடு திரும்பி வந்துவிடும். ஆனால் ஒன்று, இடுக்கை அடைக்கிறேன் பேர்வழி என்று வெளிச்சுவர் ஓட்டைச் செங்கல்லை அடைத்துவிடாதே. தரைச்சட்டம் ஈரத்தில் உளுத்துப்போகும். கணப்புக்கென்று வைத்த காற்றுத் துவாரத்தையும் தொடாதே.

இப்போது சிம்னிக்கு வருகிறேன். ‘போன வருடம்தான் சுத்தம் செய்தோம்’ என்று வீட்டை விற்றவர் சொன்னாராம். சான்றிதழ் காட்டினாரா? ஸ்வீப், அதாவது சிம்னி சுத்தம் செய்பவர், வந்து போனால் ஒரு காகிதம் கொடுத்துவிட்டுப் போவார். தீ விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான். வீடு வாங்கும்போது வீட்டின் நிலையைப் பார்க்க நீ பணம் கட்டி எடுத்த சர்வேயில் புகைக்குழாயின் உட்புறத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள், வெளியே தெரிவதை மட்டும்தான் எழுதுவார்கள். எனவே அந்தச் சிம்னியைப் பற்றி உனக்கு ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொண்டு தொடங்கு.

இந்த நாட்டில் சிம்னி ஸ்வீப் ஆக அரசு உரிமம் எதுவும் தேவையில்லை. தூரிகையும் வேனும் இருந்தால் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். அதனால் கில்ட் ஆஃப் மாஸ்டர் சிம்னி ஸ்வீப்ஸ், ஹெட்டாஸ் போன்ற அமைப்புகளின் பட்டியலில் இருப்பவராகப் பார்த்துக் கூப்பிடு. வந்ததும் தரையில் துணி விரித்து, கணப்பின் வாயை மூடி, அதில் ஒரு துளை வழியாகக் கம்பிக்கு மேல் கம்பியாகக் கோத்துத் தூரிகையை மேலே ஏற்றுவார். கூரை உச்சியில், சிம்னியின் வாயில் வைத்திருக்கும் பானை போன்ற மண்குழாயைத் தாண்டித் தூரிகை வெளியே தலைகாட்ட வேண்டும். தெருவில் நின்று அதை உன் கண்ணால் பார். பிறகு புகை வில்லை கொளுத்திச் சோதிக்கச் சொல். புகை முழுவதும் மேலே போகிறதா, வழியில் எங்காவது கசிகிறதா என்பது தெரிந்துவிடும். அந்த நேரத்தில் மாடியில் உள்ள படுக்கையறைக்குப் போய் மோந்து பார்க்க வேண்டும். உன்னுடையது சுவரைப் பகிரும் வரிசை வீடு என்பதால் பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லி வை.

ஏன் கசியும் தெரியுமா? அந்தக் காலத்தில் புகைக்குழாயின் உட்புறத்தைச் சுண்ணாம்புக் காரையால் பூசினார்கள். அந்தக் காரையில் மாட்டுச் சாணம் கலப்பது இங்கே வழக்கமாக இருந்தது! எங்கள் ஸ்வீப் இதைச் சொன்னபோது பாட்டி சாணி மெழுகிய அடுப்படி ஞாபகம் வந்தது. நூறு வருடத்துக்கு மேல் கரியும் புகையும் பட்டு அந்தப் பூச்சு உதிர்ந்திருக்கும். செங்கல் இடுக்கு திறந்தால் புகை போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போகும். அப்படி இருந்தால் கேமரா விட்டுப் பார்த்து, உள்ளே துருப்பிடிக்காத எஃகுக் குழாய் இறக்க வேண்டியிருக்கும். செலவுதான். ஆனால் தள்ளிப்போடும் செலவு இல்லை.

இந்த மாதமே கூப்பிடு என்பதற்கு இன்னொரு காரணம் ஜாக்டா. நம் காக்கையை விடச் சின்னதாய், பிடரி சாம்பல் நிறமாக இருக்குமே, அதுதான். வசந்த காலத்தில் சிம்னிக்குள் குச்சியைப் போட்டுக்கொண்டே இருக்கும், ஏதாவது ஒன்று சிக்கி நின்றால் அதன் மேல் கூடு கட்டிவிடும். முட்டையோ குஞ்சோ இருக்கும் கூட்டைக் கலைப்பது 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். செப்டம்பரில் கூடு காலியாகிவிடும், எடுத்துப்போடலாம். அக்டோபர் பாதிக்கு மேல் ஊர் முழுக்கக் கூப்பிடுவதால் ஸ்வீப்புகளுக்கு நேரம் இருக்காது.

உன் ஊரில் பூங்கா ஓரத்தில் விறகு மலிவாகக் கிடைக்கிறது, எரிக்கலாம் என்று எழுதியிருந்தாய். வேண்டாம். ஷெஃபீல்டின் பெரும்பகுதி புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி. 1952 டிசம்பரில் லண்டனில் புகைமூட்டம் ஐந்து நாள் கவிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்த பிறகு, 1956இல் வந்த தூய காற்றுச் சட்டத்தில் தொடங்கிய ஏற்பாடு அது. அங்கே திறந்த கணப்பில் விறகு எரிக்கக் கூடாது, புகையில்லா எரிபொருள் மட்டும்தான். விறகுதான் வேண்டும் என்றால் அனுமதி பெற்ற ஸ்டவ், அதாவது கதவு வைத்து மூடிய கணப்பு, பொருத்த வேண்டும், எங்கள் வீட்டில் இருப்பது அதுதான். அதிலும் ஈர விறகு ஆகாது. விறகின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. புதிதாக வெட்டிய மரத்தில் எடையில் பாதி தண்ணீர்தான். அது எரியும்போது புகை சூடில்லாமல் மெதுவாக ஏறி, குழாயின் குளிர்ந்த சுவரில் தாராகப் படிந்துவிடும். பின்னொரு நாள் ஒரு பொறி மேலே போனால் அந்தத் தார் தீப்பிடிக்கும். எங்கள் தெருவில் மூன்றாம் வீட்டில் அப்படி ஆனது. ரயில் தலைக்கு மேல் போவது போல ஒரு இரைச்சல், பானையிலிருந்து தீ நாக்கு. அப்படி நேர்ந்தால் காற்று வரும் வழியை மூடிவிட்டு எல்லோரும் வெளியே வந்து 999 அழைக்க வேண்டும். குழாய்க்குள் தண்ணீர் ஊற்றவே கூடாது, வெடித்துவிடும். விறகு எரிக்கும் வீட்டில் பருவம் நடக்கும்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யச் சொல்கிறார்கள். புகையில்லா எரிபொருளுக்கு வருடம் ஒருமுறையாவது.

செல்வம், இதையெல்லாம் விட எனக்கு உறுத்துவது ஒன்று. அம்மா வந்தால் பகல் முழுக்க அந்த முன்னறையில்தான் உட்காருவார்கள். நீயும் தங்கச்சியும் வேலைக்குப் போய்விடுவீர்கள். ‘குளிருதுடா’ என்று எல்லா ஜன்னலையும் சாத்தச் சொல்வார்கள். நெருப்பு சரியாக எரியாமலோ புகை வெளியேறாமலோ போனால் அறையில் சேரும் விஷவாயு கார்பன் மோனாக்சைடு. அதற்கு வாசனை இல்லை, நிறம் இல்லை, கண் எரியாது. தலைவலி, மயக்கம், குமட்டல் என்று தொடங்கும். ஊர் மாறியதால் வந்த சளிக்காய்ச்சல் என்று நினைத்து நாம் ஜன்னலை இன்னும் இறுக்கிச் சாத்துவோம். உடம்பு சுடாமல் தலைவலி மட்டும் இருந்தால், வெளியே நடந்துவிட்டு வந்தால் சரியாகிறது என்றால், உடனே நெருப்பை அணைத்து, கதவைத் திறந்து, அம்மாவை வெளியே கூட்டிக்கொண்டு போய் மருத்துவரைப் பார். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று முன்னறையில், கணப்பிலிருந்து 1 முதல் 3 மீட்டர் தூரத்துக்குள் வை. புகைக்குழாய் போகும் மாடி அறையில் இன்னொன்று. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அதை வாங்கு.

சுத்தம் செய்த சிம்னி என்றால் என்ன விலை கொடுத்து வந்தது என்பதையும் இந்த ஊரில் மறக்க முடியவில்லை. ஆறேழு வயதுப் பிள்ளைகளை உள்ளே ஏற்றித்தான் சுத்தம் செய்தார்கள். அந்தத் தொழிலில் இருந்தவர்களுக்குக் கரியால் புற்றுநோய் வருவதை பெர்சிவல் பாட் என்ற மருத்துவர் 1775இலேயே எழுதிவிட்டார். பிரிஸ்டலைச் சேர்ந்த ஜோசப் கிளாஸ் 1828இல் கம்பியும் தூரிகையுமாகக் கருவி செய்தும் கொடுத்துவிட்டார். அப்படியும் 1875இல் ஜார்ஜ் ப்ரூஸ்டர் என்ற சிறுவன் கேம்பிரிட்ஜ் பக்கம் ஃபுல்போர்ன் மருத்துவமனைச் சிம்னியில் சிக்கி இறந்த பிறகுதான் பிள்ளைகளை ஏற்றுவதைத் தடுக்கும் சட்டம் உண்மையாகவே கடுமையானது. அப்புறம்தான் தூரிகைகளுக்கு மதிப்பு வந்தது. தூத்துக்குடியிலிருந்து கப்பலேறிய பனந்தும்பு இந்த நாட்டின் முரட்டுத் துடைப்பங்களுக்கும் தூரிகைகளுக்கும்தான் வந்தது என்பதை நினைத்தால் நம் ஊர்ப் பனைக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது.

சரி, கார்பெட். ஸ்வீப் போன பிறகுதான் கார்பெட் கழுவுபவர்களைக் கூப்பிட வேண்டும், முன்னால் இல்லை. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் பழைய சிம்னியில் கொஞ்சம் கரி விழும். கார்பெட்டில் கரி பட்டால் தேய்க்காதே, தண்ணீர் விடாதே, மிதிக்காதே. கரியில் எண்ணெய்ப் பசை உண்டு, தேய்த்தால் இழைக்குள் இறங்கிவிடும். வேக்கம் கிளீனரின் வாயைக் கார்பெட்டில் படாமல் சற்று மேலே பிடித்து உறிஞ்சு.

முதலில் இழை என்ன என்று தெரிந்துகொள். உன்னுடையது 80 சதவீதம் கம்பளி, 20 சதவீதம் நைலான் கலந்ததாக இருக்கலாம், இங்கே நல்ல வீடுகளில் அதுதான் அதிகம். சூடான நீரில் மென்மையான சோப்பைத் தெளித்து உடனே உறிஞ்சி எடுக்கும் முறைதான் நல்லது. ஸ்டீம் கிளீனிங் என்று பேர் சொன்னாலும் அதில் ஆவி எல்லாம் இல்லை. நல்லவர் என்றால் தண்ணீர் தொடுவதற்கு முன்னால் நெடுநேரம் வேக்கம் போடுவார், மூலையில் ஒரு இடத்தில் சாயம் போகிறதா என்று பார்ப்பார். எங்கள் நண்பர் ஒருவர் வீட்டில் வாசலில் வந்து பாதி விலைக்குச் செய்கிறோம் என்றவர்களை விட்டார்கள். தண்ணீரைக் கொட்டி ஊறவிட்டார்கள். கார்பெட்டின் அடியில் இருந்த சணல் சுருங்கி, ஓரமெல்லாம் சுவரை விட்டு விலகி, மேலே பழுப்பு ஏறிவிட்டது. அறை அரை நாளில் காய வேண்டும். மறுநாளும் ஈரமாக இருந்தால் வேலை சரியில்லை. சோபாவைத் தூக்கி அடியில் பார்க்கவும் சொல், கம்பளியைத் தின்னும் அந்துப்பூச்சியின் புழு வெளிச்சம் படாத இடத்தில்தான் இருக்கும்.

மஞ்சள் கறை பற்றித் தங்கச்சி கேட்டதாக எழுதினாய். சோடா உப்பு, காரமான சோப்பு எதுவும் போடக் கூடாது, மஞ்சள் காரம் பட்டால் சிவந்துவிடும். வெள்ளைத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு வெயில் படும்படி விடச் சொல். வெயில் அதை மெல்ல வெளுக்கும். ஷெஃபீல்டில் வெயிலுக்கு எங்கே போவது என்றால், ஜன்னல் ஓரக் கறைக்காவது இது உதவும். பிளீச் பக்கம் மட்டும் போகவே வேண்டாம், கம்பளியே கரைந்துவிடும்.

நீ இங்கே வரும்போது டீன் கிளஃபுக்குக் கூட்டிப்போகிறேன். கிராஸ்லி குடும்பத்தின் ஆலை, ஒரு காலத்தில் உலகிலேயே பெரிய கார்பெட் ஆலையாக இருந்தது. 1980களின் தொடக்கத்தில் மூடிவிட்டார்கள். இப்போது அலுவலகங்களும் ஓவியக் கூடங்களுமாக இருக்கிறது. அந்தக் கல் கட்டடங்களுக்கு நடுவே நின்றால் நம் பக்கத்து மில்களை நினைக்காமல் இருக்க முடியாது.

அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை நாங்கள் எல்லோரும் வருகிறோம். அதற்குள் ஸ்வீப் வந்து போயிருக்கட்டும். அவர் கொடுக்கும் காகிதத்தைப் படம் எடுத்து அனுப்பு. எஃகுக் குழாய் போட வேண்டும் என்று சொன்னால் எங்களுக்குப் போட்டவரின் எண்ணைத் தருகிறேன். கார்பெட்காரரை அதற்கடுத்த வாரம் வரச்சொல். அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல், வரும்போது கருப்பட்டி கொண்டுவர முடியுமா என்றும் கேள்.

அன்புடன்,
முருகன்