ஓடும் எழுத்தை நிறுத்துங்கள்: இணையதளம் செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் இணையதளம் செய்து தரும் நண்பர்களுக்கும், அதற்கு ஒப்புதல் தரும் அதிகாரிகளுக்கும் வணக்கம். நானும் இதே தொழிலில் இருப்பதால் உரிமையோடு எழுதுகிறேன்.

பேத்தியின் கல்லூரிச் சேர்க்கைக்குக் கடைசித் தேதி பார்க்க அப்பா போனைக் கையில் எடுத்தார். பக்கத்தின் உச்சியில் சிவப்பு எழுத்தில் அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அதை விரலால் மறிக்கப் பார்த்தார். அதற்குள் தேதி இடது ஓரத்தில் போய் மறைந்துவிட்டது. மறுபடி வரும்வரை காத்திருந்து தொட்டால், பின்னாலேயே ஓடிவந்த டெண்டர் அறிவிப்பு திறந்தது. "நீயே பாருப்பா" என்று போனை என்னிடம் நீட்டினார். கணக்கு வழக்கெல்லாம் தானே பார்த்துக்கொள்ளும் மனிதர் அவர்.

அந்த வரியை ஓடவைத்தது மார்க்கீ. இணையப் பக்கங்களை எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லின் தரத்திலேயே வழக்கொழிந்தது என்று ஒதுக்கப்பட்ட குறி அது. தானாகத் தொடங்கி 5 நொடிக்கு மேல் எழுத்து நகர்ந்தால், அதை நிறுத்த ஒரு வழி இருக்க வேண்டும் என்கின்றன, மாற்றுத்திறனாளிகள் உட்பட எல்லோரும் இணையத்தைப் பயன்படுத்த வகுத்த உலகளாவிய அணுகல் நெறிமுறைகள். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் எதுவும் பளிச்சிடக் கூடாது என்பதும் அவற்றில் உண்டு. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

அசைவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மெனு திறப்பது, பொத்தான் அழுந்துவது போன்றவற்றுக்கு, பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் மொழியே போதும். அதிலும் டிரான்ஸ்ஃபார்ம் (இடம், அளவு, சுழற்சி), ஒபாசிட்டி (ஒளிபுகாத் தன்மை) இரண்டையும் மட்டும் அசையுங்கள். அகலத்தையோ மேல் இடைவெளியையோ அசைத்தால், உலாவி ஒவ்வொரு பிரேமுக்கும், அதாவது அசைவின் ஒவ்வொரு படத்துக்கும், பக்கத்தின் அமைப்பைத் திரும்பக் கணக்கிட வேண்டியிருக்கும். நொடிக்கு 60 பிரேம் என்றால் ஒன்றுக்குக் கிடைப்பது சுமார் 16 மில்லிநொடி. உங்கள் மேசைக் கணினி அதைச் சமாளித்துவிடும். அப்பாவின் போன் திக்கித் திக்கித்தான் நகரும்.

சின்னங்களுக்கு, பெரிதாக்கினாலும் மங்காத எஸ்விஜி என்ற பட வடிவம் நல்லது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளில் செய்த நுணுக்கமான அசைவோவியம் என்றால், அதை இணையத்தில் காட்டும் லாட்டி என்ற கோப்பு வடிவம் சரி, ஆனால் அதை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலும் கூடவே இறங்கும். ஒரு டிக் குறிக்காக அதைச் சுமக்க வேண்டாம். நீளமான காட்சிக்கு ஜிஃப் என்ற அசையும் பட வடிவம் வேண்டவே வேண்டாம். ஒரு பிரேமுக்கு 256 நிறம்தான், கோப்போ பெரிது. வீடியோவாகவே போடுங்கள்.

உலாவியோடு சேர்த்து ஓட்ட வேண்டிய தனியார் மென்பொருளான பிளக்-இன் எதையும் நம்பி எதையும் கட்டாதீர்கள். அனிமேஷனை ஓட்டிய அப்படியொரு பிளக்-இன்னான ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-இல் முடிந்தது, 2021 ஜனவரி 12 முதல் அதன் உள்ளடக்கம் இயங்குவதையே அடோபி தடுத்துவிட்டது. பிள்ளைகளுக்காக அதில் செய்த எத்தனையோ பாடங்கள் திறக்காமல் போயின. எனக்கு இன்றும் அது வருத்தம்.

அப்புறம், அசைவு பார்த்தால் தலைசுற்றும் என்பதற்காகத் தங்கள் போனில் 'அசைவைக் குறை' என்று அமைத்து வைத்திருப்பவர்கள் உண்டு. அதைக் கண்டறிய சிஎஸ்எஸ்ஸில் பிரிஃபர்ஸ்-ரெட்யூஸ்டு-மோஷன் இருக்கிறது. நாலைந்து வரி வேலைதான்.

அதிகாரிகளே, டெண்டரில் 'கவர்ச்சியான அனிமேஷன்' என்று எழுதும் இடத்தில், 'விலை குறைந்த போனில் சோதித்துக் காட்ட வேண்டும்' என்று எழுதுங்கள். அடுத்த சேர்க்கை தொடங்குவதற்குள் அந்தச் சிவப்பு வரியை நிறுத்தி, தேதியை முதலில் போட்டு, அறிவிப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அசையாமல் வைத்துவிடுங்கள்.