பத்து மணி வரை பொறுத்துக்கொள்கிறோம்

மின் கட்டணத்தை நிர்ணயிக்கும் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வீட்டு மின் கட்டணம் பற்றி ஒரு வேண்டுகோள்.

நாங்கள் சென்னையில் மொட்டை மாடிக்கு நேர் கீழே வாடகைக்கு இருக்கிறோம். பகலெல்லாம் வெயில் குடித்த தளம் ராத்திரி பதினோரு மணி வரை அனலை இறக்கிக்கொண்டே இருக்கும். ஜன்னலைத் திறந்தால் கொசு. அதனால் நாலு பேரும் ஒரே அறையில் பாய் விரித்து ஒன்பது மணிக்கு ஏசியைப் போட்டால் காலை ஐந்துக்குத்தான் நிறுத்துவோம். ஒரு டன் ஏசி, மணிக்கு ஏறக்குறைய முக்கால் யூனிட். இரண்டு மாதத்துக்கு 360 யூனிட் அதற்கே போய்விடுகிறது.

ஃபிரிட்ஜ், கிரைண்டர் எல்லாம் சேர்ந்தால் 500-ஐ ஒட்டி நிற்கும். ரீடிங் எடுக்கிற நாள் நெருங்கினால் வீட்டில் பரீட்சை ரிசல்ட் மாதிரி பயம். 500 வரை நின்றால் இரண்டாவது நூறில் யூனிட் ஒன்றுக்கு 2.35 ரூபாய், தாண்டினால் அதே நூறில் யூனிட் ஒன்றுக்கு 4.70. 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய் வருகிற பில், 501-க்கு 2,048 ஆகிறது. அந்த ஒரு யூனிட்டில் அப்படி என்ன குளிர்ச்சியோ!

இதற்கு மேல், எந்த நேரத்தில் மின்சாரம் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து விலை மாறும் நேரக் கட்டணம் வேறு. ஒன்றிய அரசின் 2023 விதிப்படி எந்த நேரத்தில் எவ்வளவு ஓடியது என்று பதியும் ஸ்மார்ட் மீட்டர் வந்தால் வீடுகளுக்கும் உச்ச நேரத்தில் குறைந்தது 10 சதவீதம் கூடுதல், சூரிய ஒளி நேரத்தில் 20 சதவீதமாவது குறைவு. காரணம் புரிகிறது. சோலார் மின்சாரம் நிற்கிற நேரத்தில்தான் ஊரே வீடு திரும்பி சுவிட்சைப் போடுகிறது. ஆனால் பகல் சலுகையை வைத்து நாங்கள் என்ன செய்ய? அப்போது நான் ஆபீஸில், பிள்ளைகள் பள்ளியில்.

உயரழுத்த இணைப்பு வாங்கிய தொழிற்சாலைகளிடம் மாலை 6 முதல் 10 வரை 25 சதவீதம் கூடுதலாக வாங்குகிறீர்கள். சரி, இரவு 10 முதல் காலை 5 வரை அவர்களுக்கு 5 சதவீதத் தள்ளுபடியும் இருக்கிறதே. வீட்டுக்கு உச்ச நேரக் கட்டணம் கொண்டுவந்தால் அந்தத் தள்ளுபடியையும் சேர்த்தே கொண்டுவாருங்கள். பத்து மணி வரை ஃபேனோடு ஓட்டிவிடுகிறோம்.

இன்னொன்று. எங்களுக்காவது தனி மீட்டர். கீழ்வீட்டுக்காரருக்கு சப் மீட்டர். எந்த நேரமானாலும் வீட்டு உரிமையாளர் சொல்வதுதான் யூனிட் விலை. நாளைக்கு உச்ச நேரக் கூடுதல் மட்டும் கீழ்வீட்டுக்காரர் காதுக்கு வரும், தள்ளுபடி மாடிப்படி இறங்காது. உங்கள் ஆணையில் அவரைப் போன்ற வாடகைக்காரருக்காகவும் ஒரு வாக்கியம் எழுதுங்கள்.

500 வரை கிடைக்கும் அந்தக் குறைந்த விலை மானியத்தால் வருவது, மானியம் அரசின் கையில் என்பீர்கள். அரசுக்கு ஆலோசனை சொல்லும் அதிகாரம் மின்சாரச் சட்டத்திலேயே உங்களுக்கு உண்டு. அந்த 501-வது யூனிட்டைப் பற்றி ஒரு கடிதம் போடுங்கள்.

இப்படிக்கு,
மேல்மாடி வாடகைக்காரன்