மேடையில் எங்கள் பிள்ளைகளின் பெயரை வாசியுங்கள்: தலைமை ஆசிரியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களுக்கும், ஆண்டு விழாக் குழு ஆசிரியர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய். சென்ற வெள்ளிக்கிழமை ஆண்டு விழாவில் நடந்ததை உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. நீங்கள் மேடையில் இருந்தீர்கள். நான் கீழே, இடப்பக்கம் ஆறாவது வரிசையில் இருந்தேன். மேடையிலிருந்து பார்த்தால் தெரியாத சிலவற்றைச் சொல்லவே இந்த மடல்.

பரிசு வாங்க வேண்டிய பிள்ளைகளைப் பிற்பகல் 2.30 மணிக்கே வரச் சொல்லியிருந்தீர்கள். வந்துவிட்டார்கள். மேடைக்குப் பக்கவாட்டில் தரையில் வரிசையாக உட்கார வைக்கப்பட்டார்கள். வரிசை கலைந்துவிடும் என்று தண்ணீர் குடிக்கக்கூட இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்பினார்கள். விழா 4 மணிக்குத் தொடங்க வேண்டியது. சிறப்பு விருந்தினர் வந்து சேர்ந்தபோது மணி 5.15. அதன் பிறகு வரவேற்பு நடனம், வரவேற்புரை, ஆண்டறிக்கை, நான்கு வாழ்த்துரைகள், சிறப்புரை. பரிசளிப்பு தொடங்கியது 7.20க்கு. பொதுத்தேர்வில் முதல் மூன்று இடம் பிடித்தவர்கள், பாடவாரியாக முதலிடம் பெற்றவர்கள் என்று 21 பேர் மேடையேறினார்கள். பிறகு ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பு: "நேரமின்மை காரணமாக, மற்ற பரிசுகள் திங்கட்கிழமை அந்தந்த வகுப்பறையில் வழங்கப்படும்." அடுத்த நிமிடம் நன்றியுரை தொடங்கிவிட்டது.

"மற்ற பரிசுகள்" என்ற அந்த இரண்டு சொல்லுக்குள் 74 பிள்ளைகள் இருந்தார்கள். அழைப்பிதழோடு நீங்களே அச்சிட்டுக் கொடுத்த பட்டியலை வைத்து அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். ஓட்டம், வட்டெறிதல், கட்டுரை, ஓவியம், வினாடி வினா, அறிவியல் மாதிரி, நூலகத்தில் அதிகம் படித்தவர், ஆண்டு முழுவதும் ஒரு நாளும் விடுப்பு எடுக்காதவர் என்று 74 பெயர்கள்.

அவற்றில் ஒன்று என் மகளுடையது. பள்ளிகளுக்கிடையிலான போட்டியில் 3,000 மீட்டர் ஓட்டத்தில் மூன்றாம் இடம். நானூறு மீட்டர் தடத்தில் அது ஏழரைச் சுற்று. அந்த ஏழரைச் சுற்றுக்காக எட்டு மாதம் விடியற்காலை 5.30க்கு எழுந்தாள். காலில் கொப்புளம் வெடித்து, பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டு போன நாட்கள் உண்டு. அதை எங்கும் எழுதி வைக்கும்படி நான் கேட்கவில்லை. அவள் பெயர் ஒரு முறை வாசிக்கப்படும் என்று மட்டும் காத்திருந்தோம். என் மாமியார் இரண்டு மணி நேரம் பேருந்தில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காது சற்று மந்தம் என்பதால் ஒவ்வொரு பெயர் வாசிக்கும்போதும் என் பக்கம் திரும்பி, "இதுவாம்மா? இப்பக் கூப்பிட்டது நம்ம புள்ளையையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நன்றியுரை முடிந்து எல்லோரும் எழுந்தபோதும் அவர் எழவில்லை. "இன்னும் கூப்பிடலையே" என்றார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை மூன்றாவது பாடவேளை, கணக்கு வகுப்பு. அலுவலக உதவியாளர் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார். செய்தித்தாளில் சுற்றிய கோப்பைகளைப் பெயர் கேட்டுக் கேட்டுக் கொடுத்தார். கணக்கு ஆசிரியர் கரும்பலகையில் பாதிக் கணக்கோடு நின்றார். யாரும் கைதட்டவில்லை, கைதட்ட அங்கே இடமும் இல்லை. உதவியாளர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தார்.

என் மகளுக்குக் கொடுத்த சான்றிதழில் போட்டியின் பெயர் இருந்தது. இடம் இருந்தது. உங்கள் கையொப்பமும் பள்ளி முத்திரையும் இருந்தன. பெயர் எழுத வேண்டிய புள்ளிக்கோடு மட்டும் வெறுமையாக இருந்தது. "நீங்களே எழுதிக்குங்க" என்றாராம்.

அன்று மாலை அவள் மேசையில் உட்கார்ந்து, ஒரு பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் தன் பெயரை நான்கைந்து முறை எழுதிப் பார்த்தாள். எந்த எழுத்து நன்றாக விழுகிறது என்று பார்த்தாள். முன்னெழுத்தை எங்கே வைப்பது என்று என்னிடம் கேட்டாள். பிறகு, ஆசிரியர் எழுதியதுபோல் இருக்க வேண்டும் என்று, தன் வழக்கமான கையெழுத்தை மாற்றி, அந்தப் புள்ளிக்கோட்டின் மேல் தன் பெயரைத் தானே எழுதிக்கொண்டாள். நான் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ. சமாதானம் சொல்லித் தூங்க வைத்திருப்பேன். கையெழுத்தை மாற்றி எழுதினாளே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. பரிசு பெறும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் மேடையில் வாசியுங்கள். அவர்கள் பெயரைச் சான்றிதழில் நீங்கள் எழுதிக் கொடுங்கள்.

நேரமில்லை என்று மீண்டும் சொல்லாதீர்கள். பெயரை வாசித்து, பிள்ளை வந்து வாங்கி, இறங்க, பத்து விநாடி போதும். அடுத்த பிள்ளை படிக்கட்டில் தயாராக நின்றால் அதைவிடக் குறைவு. 74 பேருக்கு 740 விநாடி. பன்னிரண்டு நிமிடம் இருபது விநாடி. அன்று சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருந்தது மட்டுமே 75 நிமிடம். அந்தக் காத்திருப்பு நேரத்தில் 74 பேருக்கும் பரிசு கொடுத்து முடித்திருக்கலாம். உடற்கல்வி ஆசிரியர் கொடுத்திருக்கலாம், தமிழாசிரியை கொடுத்திருக்கலாம். அந்த ஏழரைச் சுற்று எப்படி ஓடப்பட்டது என்று அறிந்த ஒருவர் கையால் வாங்குவதில் என் மகளுக்கு ஒரு குறையும் இருந்திருக்காது.

பல்கலைக்கழகங்களின் பட்டமளிப்பு விழாக்களில் நூற்றுக்கணக்கான பெயர்களை ஒன்றுவிடாமல் வாசிக்கிறார்கள். உச்சரிப்பு தவறக் கூடாது என்று முன்கூட்டியே மாணவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. இளைஞர்களுக்கு அது முடிகிறது. பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு ஏன் முடியாது?

மூன்றாம் இடம்தானே என்று யாரேனும் நினைத்திருக்கலாம். 1896இல் ஏதென்சில் நவீன ஒலிம்பிக் முதன்முதலாக நடந்தபோது முதலிடத்துக்கு வெள்ளிப் பதக்கமும் இரண்டாம் இடத்துக்குச் செம்புப் பதக்கமும் கொடுத்தார்கள். மூன்றாவதாக வந்தவருக்குப் பதக்கம் இல்லை. எட்டே ஆண்டுகளில், 1904இல், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்ற வரிசை வந்துவிட்டது. இன்று எட்டாம் இடம் வரை சான்றிதழ் தருகிறார்கள். உலகத்திலேயே வேகமானவர் யார் என்று பார்க்கும் இடத்திலேயே எட்டாவது ஆளைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். நம் பள்ளி மேடையில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை.

மேடையேறிய 21 பேர்மேல் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. அவர்களும் இராப்பகலாகப் படித்தவர்கள்தான். அவர்களை அறிவித்த விதத்தில்தான் எனக்கு வருத்தம். "பிறவி அறிவாளி", "கடவுள் கொடுத்த மூளை" என்று தொகுப்பாளர் சொல்லிக்கொண்டே போனார். 1998இல் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இரு உளவியல் அறிஞர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வுகளை வெளியிட்டார்கள். "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்ட பிள்ளைகளைவிட, "நன்றாக உழைத்தாய்" என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள், அடுத்து கடினமான புதிர்கள் வந்து தோற்றபோதும் விடாமல் முயன்றார்கள். புத்திசாலி என்று பெயர் வாங்கியவர்களோ அந்தப் பெயர் போய்விடுமோ என்று பயந்து எளிதானதையே தேடினார்கள். அப்படியானால் அன்று மேடையில் நின்றவர்களுக்கும் நாம் நல்லது செய்யவில்லை. நின்றவர்கள் எப்படி உழைத்தார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. கீழே உட்கார்ந்திருந்தவர்கள் உழைத்தார்கள் என்பதற்கே ஒரு வார்த்தை இல்லை.

இதோடு நிறுத்தலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பேசத் தொடங்கிய பிறகு மனத்தில் கிடப்பதும் வருகிறது. போட்டிகள் பற்றிய அறிவிப்பு எங்களுக்கு எப்போது வருகிறது? முந்தைய நாள் இரவு ஒன்பது மணிக்கு, வாட்ஸ்அப் குழுவில், "நாளை ஓவியப் போட்டி, விருப்பமுள்ளோர் வரவும்" என்று. அந்நேரத்தில் வண்ணம் வாங்க எந்தக் கடை திறந்திருக்கும்? வாட்ஸ்அப் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு யார் சொல்வது? காலையில் போய்க் கேட்டால் "பேர் கொடுத்தாச்சு" என்கிறார்கள். வினாடி வினாவுக்கு மூன்று ஆண்டுகளாக அதே நான்கு பேர். அவர்கள் திறமைசாலிகள்தான், ஐந்தாவது ஒருவர் இருக்கிறாரா என்று யாரும் தேடிப் பார்க்கவே இல்லையே. வரவேற்பு நடனத்துக்காக மூன்று வாரம் பிற்பகல் வகுப்புகளை விட்டு ஆடிப் பழகிய பிள்ளைகளின் பெயரும் அன்று வாசிக்கப்படவில்லை. நடனத்தின் பெயரைச் சொன்னார்கள், ஆடியவர்களைச் சொல்லவில்லை. பள்ளி வாசலில் இருக்கும் விளம்பரப் பதாகையில் முதல் மூன்று மதிப்பெண்காரர்களின் முகம் ஆள் உயரத்துக்கு இருக்கிறது. புதிய சேர்க்கைக்கு அது உதவும் என்பது எனக்கும் புரிகிறது. அதைத் தினமும் தாண்டி உள்ளே போகும் மற்ற பிள்ளைகள் ஏற்கெனவே உங்களிடம் சேர்ந்தவர்கள் என்பதையும் நீங்கள் நினைக்க வேண்டும்.

கோபத்தில் எழுதிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலைப்பளு எனக்குத் தெரியும். ஆண்டு விழாவுக்கு முந்தைய நாள் இரவு ஒன்பது மணிக்குக்கூட ஆசிரியைகள் நாற்காலி எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்தவள் நான். அவர்களில் பலருக்கும் இதே வருத்தம் இருக்கிறது என்பதும் தெரியும்.

அடுத்த மாதம் விளையாட்டு விழா வருகிறது. அதன் பின் அறிவியல் கண்காட்சி. அவற்றையாவது வேறு விதமாக நடத்துங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பரிசளிப்பை முதலில் வையுங்கள், உரைகளைப் பிறகு வையுங்கள். உரை நீண்டால் கேட்பவர்களுக்குச் சற்று அலுப்பு, அவ்வளவுதான். பட்டியலை ஒரு வாரம் முன்பே அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். விடுபட்ட பெயரும் பிழையான பெயரும் அப்போதே தெரிந்துவிடும். விருந்தினர் தாமதமானால் காத்திருக்காமல் தொடங்குங்கள். போட்டி அறிவிப்புகளைக் குறைந்தது இரண்டு வாரம் முன்பாகக் காலைக் கூட்டத்தில் எல்லா வகுப்புக்கும் சொல்லுங்கள். விழாக் குழுவில் வகுப்புக்கு ஒரு மாணவரைச் சேருங்கள். தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைகளுக்கு உண்டு என்று 1989இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு சொல்கிறது. பிள்ளைகளைக் கேட்டிருந்தால், ஐந்து மணி நேரம் தரையில் உட்காருவது பற்றி அவர்களே சொல்லியிருப்பார்கள்.

இவற்றில் எது முடியாமல் போனாலும் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். பெயரை வாசியுங்கள். ஒவ்வொரு பெயரையும், மேடையில், எல்லோரும் கேட்கும்படி வாசியுங்கள்.

இந்த மடலில் என் மகளின் பெயரைப் போடத்தான் நினைத்தேன். எழுதியதை அவளிடம் படித்துக் காட்டினேன். "என் பேரைப் போடாதீங்கம்மா. எனக்கு மட்டும் கேக்கிற மாதிரி இருக்கும். எல்லாருக்கும்தானே?" என்றாள். எடுத்துவிட்டேன்.

பட்டியல் தட்டச்சு செய்ய ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். பெயர்களை எப்படி உச்சரிப்பது என்று வகுப்பு வகுப்பாகப் போய்க் கேட்டுக் குறித்துத் தரவும், விளையாட்டு விழா அன்று படிக்கட்டோரம் நின்று பிள்ளைகளை ஒவ்வொருவராக மேலே அனுப்பவும் எனக்கு முடியும். என்னைப் போல இன்னும் ஆறு தாய்மார்கள் வரத் தயாராக இருக்கிறார்கள், அவர்களிடம் பேசிவிட்டேன். எந்த நாள், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று மட்டும் சொல்லியனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்