குண்டுக் கயிறு தந்த பெரியவருக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

கடலூர் துறைமுகத்தைச் சுற்றியுள்ள எல்லாக் குப்பத்து உறவுகளுக்கும் வணக்கம்.

மீன் கூடுவதற்காகக் கடலடியில் இறக்கிய செயற்கைப் பாரை, அதாவது சிமெண்டுத் தொட்டிகளைப் பார்த்துவிட்டு, நேற்று மதியம் டைவர் தம்பிகள் மேலே வந்து, "எல்லாம் நிக்குது, ஒண்ணும் புதையல" என்றார்கள். அதைக் கேட்ட பிறகுதான் இந்த மடல் எழுதக் கை வருகிறது.  

முதல் நன்றி சோனாங்குப்பம் பக்கத்துப் பெரியவருக்கு. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கட்டுமரத்தை விட்டுப் பல காலம் ஆன மனிதர். யாரும் கூப்பிடாமலே ஏலக்கூடத்துக்கு வந்தார். ஒரு பழைய கயிற்றுச் சுருளை வைத்து, "மிஷினு ஆழம் சொல்லும், தரையைச் சொல்லாதுப்பா" என்றார்.

அது முழுக்கச் சரியில்லை. ஒலி அனுப்பி ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டர் மிஷினும் தரையைச் சொல்லும்: இறுகிய தரை என்றால் திரையில் கோடு தடித்து விழும், அதன் கீழே இரட்டிப்பு ஆழத்தில் இரண்டாவது கோடும் தெரியும்; சேறு என்றால் கோடு மெலியும். ஆனால் பைபர் படகில் வைக்கிற சின்ன மிஷினில் எதிரொலி வாங்கும் அளவை யாராவது கூட்டிக் குறைத்து வைத்துவிட்டால் இந்த வித்தியாசம் காணாமல் போகும். மணல் போல இருக்கும் இடத்தில் அடியில் சேறு ஒளிந்திருக்கும். டன் கணக்கில் கனமுள்ள சிமெண்டுத் தொட்டியை அங்கே இறக்கினால், செயற்கைப் பார் சேற்றுக்குள் போய்விடும்.

பெரியவரின் கயிறு அந்த இடத்தில்தான் உதவியது. நுனியில் இரண்டு கிலோ ஈயக்குண்டு. குண்டின் அடியில் கட்டைவிரல் அளவுக்குக் குழி, அதில் மெழுகு அப்பியிருக்கும். எஞ்சினை அணைத்து, நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கமாகக் குண்டை விட வேண்டும். கயிறு நேராக நிற்கும்போதுதான் ஆழம் பார்க்கணும். சாய்ந்த கயிறு ஆழத்தைக் கூட்டிக் காட்டும். தரை தொட்டதும் இரண்டு மூன்று முறை தூக்கிக் குத்துங்கள். பாறை என்றால் கைக்கு 'டொக்'கென்று தெரியும். சேறு என்றால் குண்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே எடுத்து மெழுகைப் பாருங்கள். பருமணலும் சிப்பித் துண்டும் ஒட்டியிருந்தால் நல்ல தரை. சாம்பல் நிறக் களி வந்தால் விட்டுவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் டைவர் கையில் இரும்புக் கம்பி கொடுத்துக் குத்தச் சொல்லுங்கள். கம்பி ஒரு முழம் சுலபமாக இறங்கினால் அந்த இடம் வேண்டாம்.

கயிற்றில் பாகத்துக்கு ஒரு துணி கட்டியிருந்தது. பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம், 6 அடி என்று கணக்கு. அவர் கைவிரிப்போ ஐந்தே முக்கால் அடி. 10 பாகத்தில் இரண்டரை அடி வித்தியாசம் வரும். அதனால் கயிற்றை நனைத்து, டேப் வைத்து அளந்து, புது அடையாளம் கட்டினோம். இந்த வேலைக்கு நைலான் கயிறு வேண்டாம், இழுத்தால் நீளும்.

அவர் தந்ததில் பெரியது கயிறு அல்ல. "கோடையில பார்த்த தரையை ஐப்பசி வெள்ளம் மாத்திடும்" என்று ஒரு வார்த்தை சொன்னார். ஐப்பசி கார்த்திகையில் வடக்கிலிருந்து தெற்கே ஓடும் வன்னி நீரோட்டம், பெண்ணையாறும் கெடிலமும் கொண்டுவந்து தள்ளுகிற சேற்றைத் தெற்கே இழுத்துப்போகும். முகத்துவாரத்துக்குத் தெற்கே சித்திரையில் பளிச்சென்று இருந்த மணல், மழை முடிந்ததும் களி மூடிக் கிடக்கும். எந்த மிஷினும் அன்றைய தரையைத்தான் காட்டும். பார் இறக்குவதோ வருஷக்கணக்குக்கு. ஆகவே மழைக்குப் பிறகு மறுபடி பார்த்து, குறித்து வைத்திருந்த இடங்களில் பாதியை அடித்துவிட்டோம். மீதி இடத்தில்தான் தொட்டிகள் இன்று நிற்கின்றன. மணலிலும் நீரோட்டம் அடியை அரித்துச் சாய்த்துவிடும் என்பதால் அடிப்பலகையை அகலமாக்கச் சொன்னதும் அவர்தான்.

புதுச்சேரியிலிருந்து வந்த டைவர் தம்பிகள், சிமெண்டு தொட்டிகளை 28 நாளும் ஈரம் காயவிடாமல் பார்த்துக்கொண்ட கொத்தனார்கள், படகும் டீசலும் தந்தவர்கள், ஊர் நாட்டார்கள், அனுமதிக் காகிதங்களுக்கு வழி சொன்ன மீன்வளத்துறை ஊழியர்கள், கூடை மீன் விற்ற காசில் சோறு ஆக்கிப் போட்ட அக்காமார்கள், எல்லோருக்கும் நன்றி. அக்காமார்களுக்குக் கடன் தனியாக இருக்கிறது, மறக்கவில்லை.

இனி ஒரு வாக்கு. பாரைச் சுற்றி வலை போட மாட்டோம், தூண்டில் மட்டும்தான். மீன் கூடுகிற இடத்தைச் சுருக்கு வலையால் வளைத்தால், பார் வைத்ததே மீனை ஒரே இடத்தில் சேர்த்து அள்ளுவதற்கு என்று ஆகிவிடும். வலை பாரில் சிக்கி அறுந்தால் அது அங்கேயே கிடந்து மீனைக் கொன்றுகொண்டிருக்கும். வேறு இடத்தில் போடும் நண்டு வலையில் வரும் சினை நண்டை உயிரோடு கடலில் விடுவோம்.

ஒரு நோட்டும் போட்டிருக்கிறோம். தேதி, பாகம், மெழுகில் ஒட்டியது, நீரோட்டம் வன்னியா, தெற்கிலிருந்து வடக்கே ஓடும் தெண்டியா, ஜிபிஎஸ் எண் எல்லாம் அதில் இருக்கும். எண்ணைப் பாகையும் தசம நிமிடமுமாக மட்டும் எழுதுங்கள். 42 நிமிடம் 30 நொடி என்றால் 42.50; அதை 42.30 என்று எழுதினால் இடம் 370 மீட்டர் தள்ளிப்போகும், பாருக்குப் பதில் வெறும் சேற்றில் தூண்டில் விடுவீர்கள்.

மாசியில் மறுபடி தரை பார்க்கிறோம். பக்கத்து ஊர்க்காரர்களும் வரலாம். கயிறும் நோட்டும் ஏலக்கூடத்திலேயே இருக்கும். வேலை முடிந்ததும் கயிற்றை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்துத் திருப்பி வையுங்கள்.

நன்றியுடன்,
செயற்கைப் பார் வேலையில் கூடி நின்றவர்கள்
கடலூர்