பாப்பாவுக்கு, காப்பித்தூளோடு

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லாரும் நல்லா இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் நல்லா இருக்கிறீர்களா? போன் பண்ணினால் "மீட்டிங் இருக்கும்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் பார்சலுக்குள் கடிதம். அரைக் கிலோ தூள் வைத்திருக்கிறேன், பீபெரி, அந்த உருண்டை ஒற்றைக் கொட்டை. போன தையில் நம் தாண்டிக்குடிக் காட்டில் எடுத்த பழம். செவ்வாய்க்கிழமை நானே வறுத்து அரைத்தேன். சிக்கரி ஒரு பொட்டுக்கூடக் கிடையாது. நீ பெங்களூரில் வாங்கும் பாக்கெட்டைத் திருப்பிச் சிறு எழுத்தைப் படித்துப் பார். நூற்றுக்கு 49 வரை சிக்கரி கலக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. காப்பிக் காட்டுக்காரன் மகள் அதைக் குடிக்கலாமா?

ஃபில்டரில் தூளைப் போட்டுக் குடையை மெல்ல வை, அமுக்காதே. தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு ஊற்று. தட்டாதே, அதுவாக இறங்கட்டும். டிகாக்‌ஷனை அடுப்பில் ஏற்றாதே, பாலைத்தான் காய்ச்ச வேண்டும். பால் வாங்கு.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது நீ வரக்காப்பி குடித்துக்கொண்டிருந்தாய். கேட்டதற்கு "பால் ஒத்துக்கலம்மா, நிறுத்திட்டேன்" என்றாய். நம் வீட்டில் வரக்காப்பி எப்போது போடுவோம் என்று உனக்குத் தெரியாதா? காய்ச்சல் வந்தால் போடுவோம். மலையில் பழம் எடுக்கப் போகிற அன்றைக்குக் கருப்பட்டி தட்டிப் போட்டுக் கொண்டுபோவோம். இல்லாவிட்டால் துஷ்டி வீடு. மற்ற நாளில் பால் இல்லாமல் ஒரு டம்ளர் இந்த வீட்டில் நகர்ந்ததில்லை.

அப்பத்தா இருந்தால் உன்னை ஒரு பிடி பிடித்திருக்கும். அது கல்யாணமாகி வந்தபோது காலையில் எல்லாருக்கும் நீச்சத்தண்ணிதானாம். கொட்டை மலையில் விளைந்தாலும் வீட்டுக்குள் காப்பி மெதுவாகத்தான் நுழைந்தது. ஃபில்டர் எல்லாம் பிறகு வந்ததுதான். தூளைக் கொதிக்கவிட்டுத் துணியில் வடிகட்டுவார்கள். வெள்ளிக்கிழமை தோறும் இரும்புச் சட்டியில் கொட்டை வறுபடும்போது தெருவே மணக்கும். கொட்டை வெடிக்கிற சத்தம் கேட்டதும் சட்டியை இறக்க வேண்டும், ஒரு நிமிஷம் பிந்தினாலும் கசப்பு ஏறிவிடும் என்று என்னைப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்துப் பழக்கியது. கைமிஷினைச் சுற்றுவது உன் வேலை. கை வலிக்கிறது என்று அழுதுகொண்டே சுற்றுவாய், ஆனால் விடமாட்டாய். அந்தப் பிடிவாதத்தால்தான் இன்றைக்குப் பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறாய். அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியாது.

காட்டு வேலைக்கு வந்தவர்களுக்கும் அப்பத்தா நாம் குடிக்கும் டம்ளரில்தான் ஊற்றும். வேறு டம்ளர் எடுத்த மருமகளுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. உன் தாத்தா அதற்கு மேல். அந்தக் காலக் காப்பி கிளப்புகளில் சாதிக்கு ஓர் இடம் என்று பிரித்து வைத்திருப்பார்கள். அவர் மதுரைக்குப் போனால் தூக்கில் வீட்டுக் காப்பியைக் கொண்டுபோய் ஆறிப்போனதைக் குடிப்பாரே தவிர, அங்கே போய் உட்கார மாட்டார். "சுயமரியாதைத் தலைவர் சௌந்தரபாண்டியனார் பிறந்த பட்டிவீரன்பட்டிக்காரன், தனியா உக்காந்து குடிப்பானா?" என்பாராம். அந்த வீட்டுப் பிள்ளை நீ. யார் முன்னாலும், யாருக்காகவும் நீ குறுகி நிற்க வேண்டாம். இதை ஏன் எழுதுகிறேன் என்று கேட்காதே.

மலையில் மழை பரவாயில்லை. பூ நன்றாகப் பிடித்திருக்கிறது. காட்டுமாடு வந்து வேலியைச் சாய்த்துவிட்டது. பெரியப்பா வழக்கு மறுபடி தள்ளிப்போய்விட்டது. வேறு சேதி இல்லை.

நீ கைக்குழந்தையாக இருந்த 1994இல் பிரேசிலில் பனி விழுந்து காப்பிச் செடியெல்லாம் கருகிப்போனது. இங்கே விலை ஏறியது. அதற்கு முன்னால் விளைந்ததை அரசாங்கக் காப்பி போர்டில் போட்டுவிட்டுப் பணம் தவணை தவணையாக வரும் வரை காத்துக் கிடந்த உன் அப்பா, அந்த வருஷம்தான் இந்த மச்சு வீட்டைக் கட்டினார். அதைத்தான் எல்லாரிடமும் சொல்லுவோம். அதற்குப் பிறகு நடந்ததை உன்னிடம் சொன்னதே இல்லை. 2001, 2002இல் விலை தரையோடு விழுந்தது. பழம் எடுக்கிற கூலிக்கே கட்டவில்லை. கறவை மாட்டை விற்றோம். வாங்குகிற கால் லிட்டர் பால் உனக்கும் தம்பிக்கும். அப்பாவும் நானும் வரக்காப்பி. ஆயக்குடி அத்தை ஒருநாள் வந்து பார்த்துவிட்டு ஏன் என்று கேட்டது. "பால் ஒத்துக்கல அத்தாச்சி, நிறுத்திட்டேன்" என்றேன்.

நீ சொன்னது அதே சொல், பாப்பா. அன்றையிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

வீடியோவில் உனக்குப் பின்னால் மேசையில் ஒற்றை டம்ளர்தான் இருந்தது. கல்யாணத்துக்கு நான் கொடுத்த டபரா செட் இரண்டு. மாப்பிள்ளை டூரில் இருக்கிறார் என்று போன மாதமும் சொன்னாய், அதற்கு முந்தின மாதமும் சொன்னாய். வேலை அப்படி இருக்கலாம். அவருக்குச் சர்க்கரை கம்மியாக, இரண்டாம் டிகாக்‌ஷனில் போட்டால்தான் பிடிக்கும், மறந்துவிடாதே. பால் வாங்கு. நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி பத்து மணிக்கு மேல் காப்பி குடிக்காதே.

அத்தைக்கு நான் பொய் சொன்னபோது அது நம்பவில்லை. மறுவாரம் ஆயக்குடியிலிருந்து ஒரு கன்றுக்குட்டியோடு பசுவைப் பிடித்துக்கொண்டு வந்து தொழுவத்தில் கட்டிவிட்டுப் போனது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை.

தம்பியிடம் மைசூர் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறேன். திண்டுக்கல்லில் ராத்திரி ஏறினால் விடியும்போது உன் ஊர். அப்பாவுக்குக் காட்டு வேலை இருக்கிறது, நான் மட்டும்தான் வருகிறேன். நீ வேண்டாம் என்று சொன்னாலும் வருவேன். அங்கே யார் கேட்டாலும் ஃபில்டர் ஓட்டை அடைத்திருக்கிறது, சரிபண்ண வந்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன். உன்னிடமும் அதைத்தான் சொல்லுவேன்.

அம்மா