64 பக்கமும் படித்துவிட்டேன்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

உறை வந்து சேர்ந்தது. 64 பக்கத் திட்டமும் 20 பக்க மாதிரி இதழும் மடங்காமல் நனையாமல் கிடைத்தன. கூடவே ஒரு துண்டுச் சீட்டாவது இருக்கும் என்று உறையை இரண்டு தடவை உதறிப் பார்த்தேன். சரி, வேலை மும்முரமாக இருந்திருக்கும். அப்பா நலம். அண்ணன் வந்துபோனான், அவன் சேதி பிறகு. முதலில் உன் திட்டம்.

64 பக்கமும் படித்துவிட்டேன். இரண்டு முறை, கடைசிப் பின்னிணைப்பு வரை.

சூப்பர்மேன், பேட்மேன் கதைகளை வெளியிடும் டிசி காமிக்ஸின் உலகத்தை உன்னிடம் கொடுத்தால் எப்படிப் புதிதாகத் தொடங்குவாய் என்று இத்தனை பேருக்கும் வயது, ஊர், யாருக்கு யாரைத் தெரியும் என்பதுவரை எழுதி வைத்திருக்கிறாயே, அதற்கே எனக்குப் பெருமையாக இருக்கிறது. சூப்பர்மேனாகிய கிளார்க்கை வளர்த்த மார்த்தா கென்ட்டை உயிரோடு வைத்திருப்பது இன்னும் பெருமை. 1986-ல் ஜான் பைர்ன் சூப்பர்மேனை முதலிலிருந்து தொடங்கியபோது செய்த நல்ல காரியம் அதுதான். அதற்கு முன்பு கிளார்க் வளர்ந்து ஆளாவதற்குள் வளர்த்தவர்கள் இருவருமே போய்விட்டிருப்பார்கள். பைர்ன் அவர்களை வாழவைத்ததும் உலகத்தையே தூக்குகிறவனுக்கு உட்கார்ந்து பேச ஒரு வீடு கிடைத்தது. 2011-ல் டிசி எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து தொடங்கியபோது இருவரையும் சாகடித்தார்கள். கிளார்க் தன் மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டுமென்றால் பெட்டி பெட்டியாக வசனம் போட வேண்டியதாயிற்று.

ஆனால் 3-ம் பக்கத்திலேயே, 'பழையது எதுவும் நடக்கவில்லை, யாருக்கும் எதுவும் நினைவில்லை' என்று எழுதிவிட்டாய். அந்த வரியைத் தாண்ட எனக்கு நேரமாயிற்று.

முழுக்க அழிப்பது என்பது சொல்வதற்குத்தான் சுலபம். இதுவரை யாரும் முழுக்க அழித்ததில்லை, பாதிதான் அழித்தார்கள். கோளாறு எல்லாம் அந்தப் பாதியில்தான் வந்தது. 1985-86-ல் மார்வ் வுல்ஃப்மேனும் ஜார்ஜ் பெரஸும் 12 இதழ்களில் டிசியின் இணை உலகங்கள் எல்லாவற்றையும் ஒன்றாக்கினார்கள். அதன் பிறகு பைர்ன், கிளார்க் சிறுவனாக இருந்தபோது சூப்பர்பாயாகத் திரிந்ததே இல்லை என்றார். லீஜன் என்ற எதிர்காலக் குழுவோ அந்த சூப்பர்பாயைப் பார்த்துத்தான் பிறந்தது. ஆணியைப் பிடுங்கியதும் படம் விழுந்தது. அதைத் தாங்க ஒரு குட்டிப் பிரபஞ்சத்தைக் கண்டுபிடித்து அதற்குள் ஒரு சூப்பர்பாயை வைக்க வேண்டியிருந்தது. 1987-ல் வொண்டர் வுமன் இப்போதுதான் முதன்முதலாக வெளியுலகுக்கு வருகிறாள் என்றார்கள். அவளுக்குத் தங்கை மாதிரி இருந்த டோனா டிராய் ஏற்கெனவே டைட்டன்ஸ் என்ற இளம் வீரர் குழுவில் பல வருஷமாக இருக்கிறாள். அவள் யார், எங்கிருந்து வந்தாள் என்று எத்தனை தடவை மாற்றி எழுதினார்கள் என்பது உனக்குத் தெரியும்.

2011-லும் அதே பிசகு. சூப்பர்மேனை அழித்தவர்கள் பேட்மேனையும் கிரீன் லேண்டர்னையும் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டார்கள், அவை நன்றாக விற்றுக்கொண்டிருந்தன என்பதால். வீரர்கள் வெளியே தெரிய வந்து ஐந்தே வருஷம் என்று ஒரு கணக்கும் வைத்தார்கள். ஐந்து வருஷத்துக்குள் பேட்மேனின் துணையாளாக இத்தனை ராபின்கள் எப்படி வளர்ந்தார்கள் என்று வாசகர்கள் விரல்விட்டு எண்ணினார்கள். கடைசியில் டிம் டிரேக் ராபின் என்ற பெயரையே வைத்துக்கொண்டதில்லை, நேராக ரெட் ராபின்தான் என்று திருத்த வேண்டி வந்தது.

உன் 9-ம் பக்க அட்டவணையில் இதே ஓட்டை இருக்கிறது. பேட்கேர்ளான பார்பரா கார்டனுக்கு 24 வயது, அவள் சக்கர நாற்காலியில் இருந்த மூன்று வருஷம் 'நடந்தது' என்று போட்டிருக்கிறாய். யாருக்கும் எதுவும் நினைவில்லை என்றால் அவளுக்கு அது எப்படி நினைவிருக்கும்? ஒரு பெரிய தாள் எடு. ஆளுக்கு ஒரு வரிசை. முதல் இதழ் நடக்கும் நாளில் வயது, முகமூடி போட்டு எத்தனை வருஷம், உடம்பில் உள்ள தழும்பு, யாரை எப்போது முதலில் சந்தித்தார், என்ன நினைவிருக்கிறது என்று கட்டம் போட்டு நிரப்பு. நினைவுக் கட்டம் எந்த வரிசையில் காலியாக இருக்கிறதோ அங்கேதான் ஆறு மாதம் கழித்து ஓர் எழுத்தாளர் இடறி விழுவார். கண்ணம்மா, நடந்ததை நடக்கவில்லை என்று சொல்லிவிடலாம். அதைச் சார்ந்து நிற்கிறவர்களை என்ன செய்வாய்?

அதனால் நான் சொல்வது, அழிக்காதே, பக்கத்தில் புதிதாகக் கட்டு. 2000-ல் டிசியின் போட்டி நிறுவனமான மார்வெல் அல்டிமேட் வரிசையை ஸ்பைடர்மேன் என்ற ஒரே தலைப்போடு தொடங்கியது. பழைய பீட்டர் தன் பாட்டுக்கு இருந்தான், புதிய பீட்டர் பள்ளிக்கூடத்திலிருந்து ஆரம்பித்தான். எழுத்தாளர் பெண்டிஸும் ஓவியர் மார்க் பேக்லியும் தொடர்ந்து 111 இதழ்கள் சேர்ந்து செய்தார்கள். 2024-ல் டிசி செய்த அப்சல்யூட் வரிசையும் அப்படித்தான், பேட்மேன், வொண்டர் வுமன், சூப்பர்மேன் என்று மூன்றில் தொடங்கியது. அந்த பேட்மேனுக்கு மாளிகையும் இல்லை, பணமும் இல்லை, தாய் மட்டும் உயிரோடு இருக்கிறாள். அதிலிருந்து கற்றுக்கொள். ஆளுக்கு ஒன்றோ இரண்டோ தூண்களை மட்டும் எடுத்துவிட்டு, கூரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கடைசிவரை தொடர்ந்து போக வேண்டும். நீ ஃபிளாஷிடமிருந்து ஏழு விஷயங்களை எடுத்திருக்கிறாய். ஏழையும் எடுத்தால் மிஞ்சுவது வேகமாக ஓடுகிற யாரோ ஒருவன்தான்.

தலைப்புகளின் எண்ணிக்கை. முதல் மாதமே 12 என்கிறாய். 2011-ல் 52 தலைப்புகளைத் தொடங்கினார்கள், எட்டாவது இதழோடு ஆறு நின்றன. 1986-ல் மார்வெல் 'நியூ யுனிவர்ஸ்' என்று 8 தலைப்புகளோடு தனி உலகம் தொடங்கியது. பாதி ஏறத்தாழ ஒரு வருஷத்தோடு நின்றன, 1989-க்குள் மொத்தமும் மூடியாயிற்று. காமிக்ஸ் கடைக்காரர் திருப்பித் தர முடியாத சரக்காகத்தான் வாங்குகிறார். முதல் இதழ் தன் கடையில் எப்படிப் போனது என்று தெரிவதற்கு முன்பே இரண்டாவதுக்கும் பெரும்பாலும் மூன்றாவதுக்கும் எண்ணிக்கை சொல்லியாக வேண்டும். பயந்தால் குறைப்பார். 12 தலைப்பென்றால் பன்னிரண்டிலும் குறைப்பார். மூன்றில் தொடங்கு. ஒவ்வொன்றிலும் மூன்று இதழ் முழுசாக முடிந்து கையில் இருந்தால்தான் அறிவி.

இதைச் சொல்லும்போதுதான் அந்தத் தேதிகள் நினைவுக்கு வருகின்றன. ஒவ்வொரு பக்கத்தின் பின்புறமும் பென்சிலில் தேதி போட்டிருக்கிறாய். முதல் பக்கம் 3-ம் தேதி, கடைசிப் பக்கம் 24. 22 நாளில் 20 பக்கம். பென்சில் மட்டும் போடுகிற நல்ல கைக்கே நாளைக்கு ஒரு பக்கம்தான் கணக்கு. அதனால்தான் மாத இதழில் பென்சிலுக்கு ஒருவர், அதன்மேல் மை போடும் இங்க் வேலைக்கு ஒருவர், கலருக்கு ஒருவர், வசனத்தைப் பக்கத்தில் எழுதும் எழுத்து வேலைக்கு ஒருவர் என்று பிரிக்கிறார்கள். நீ பென்சில், இங்க், எழுத்து மூன்றும் ஒற்றைக் கையால் செய்திருக்கிறாய். ஒழுங்காகச் செய்தால் இது 50 நாள் வேலை. எப்போது தூங்கினாய்? 17-ம் பக்கத்திலிருந்து நெடுங்கோடுகள் நடுங்குகின்றன. கட்டடங்களின் ஓரத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நிப் தேய்ந்திருந்தால் கோடு தடிக்கும், நடுங்காது. அது மணிக்கட்டு. ராத்திரி போட்ட கோடு. அளவுகோல் வைத்தும் இப்படி வந்திருக்கிறது என்றால் கை எவ்வளவு வலித்திருக்கும்! 45 நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து நில், விரலை நீட்டி மடக்கு. மூன்று இதழ் முடித்து வைத்துக்கொண்டு பிறகு அறிவி என்று நான் சொல்வது கடைக்காரருக்காக மட்டுமில்லை.

மாதிரி இதழுக்கு வருகிறேன். பக்கத்தை அமைப்பதில் ஒரு தப்பு இருக்கிறது, திருத்துவது சுலபம். முதல் பக்கம் வலப்புறம் விழும், அதனால் ஒற்றைப்படைப் பக்கமெல்லாம் வலப்புறம். வாசகர் தாளைப் புரட்டியதும் திடுக்கிட வேண்டிய படம் இரட்டைப்படையில்தான் இருக்க வேண்டும். நீ வில்லன் பிரெய்னியாக்கின் முகத்தை 15-ல் வைத்திருக்கிறாய். 14-ஐத் திறந்ததுமே ஓரக்கண்ணில் அது தெரிந்துவிடும், ஏழு கட்டமாக நீ ஏற்றிய பயம் வீண். இன்னொன்று, 17-ம் 18-ம் சேர்ந்து ஒரே அகலப் படம் என்று போட்டிருக்கிறாய். அவை ஒரே தாளின் முன்னும் பின்னும், சேரவே சேராது. 12-ஐயும் 13-ஐயும் ஒரே பக்கமாகச் சுருக்கு. இரண்டிலும் கிளார்க் படியேறுவதுதானே, நாலு கட்டம் போதும். உடனே முகம் 14-க்கு வந்துவிடும், அகலப் படம் 16-17 ஆகிவிடும். நடுவில் விளம்பரப் பக்கம் செருகுகிற பதிப்பாக இருந்தால் இந்தக் கணக்கு மாறும், அதை முன்னாலேயே கேட்டுக்கொள். ஒரு பக்கம் மிச்சமாகும், அதைக் கடைசிக் காட்சிக்குக் கொடு, அங்கே மூச்சுவிட இடமில்லை.

5-ம் பக்கத்தில் லூதரின் வசன பலூனில் 46 சொல். ஒரு பலூனுக்கு 25-ஐத் தாண்டாதே, இரண்டாக உடை. 8-ல் முதலில் பேசுகிற லோயிஸ் வலப்புறம் நிற்கிறாள், அதனால் பலூன் வால்கள் ஒன்றையொன்று வெட்டுகின்றன. முதலில் பேசுகிறவரை இடப்புறம் நிறுத்து.

இதை அப்படியே அச்சிட்டு விற்க முடியாது, அது உனக்கும் தெரியும். 1938-ன் முதல் சூப்பர்மேன் கதைக்கு அமெரிக்கச் சட்டப்படி 2033 முடிய உரிமை இருக்கிறது, பிறகும் அந்த முதல் வடிவம்தான் பொதுவுக்கு வரும். எடிட்டர்களுக்குக் காட்டும் மாதிரியாக வைத்துக்கொள், தொடர்ச்சியாகக் கதை சொல்லும் ஐந்தாறு பக்கங்களைத்தான் அவர்கள் பார்ப்பார்கள். 9 முதல் 14 வரை காட்டு. அதில் 11 இருக்கட்டும்.

11-ஐப் பற்றித்தான் எழுத வேண்டும். இவ்வளவு நேரம் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

போன வருஷம் நீ இதன் முதல் படியை அனுப்பினாய். நான் படித்துவிட்டேன் என்று போனில் சொன்னேன். 11-ம் பக்கம் எப்படி அம்மா என்று நீ ஒரே ஒரு கேள்வி கேட்டாய். அருமை, வசனம் ரொம்ப நன்றாக வந்திருக்கிறது என்றேன். நீ சரிம்மா என்றாய். அதற்குப் பிறகு எத்தனை நாள் பேசினோம் என்று எண்ணிப் பார்த்தால் ஒரு கைவிரல் மிச்சமாகிறது.

போன மாதம் நீலப் பெட்டியிலிருந்து அந்தப் படியை எடுத்தேன். 11-ம் பக்கத்தில் வசனமே இல்லை. ஆறு கட்டம், ஒரு பலூன்கூட இல்லை. நான் அன்றைக்கு மூன்று பக்கத்துக்கு மேல் படித்திருக்கவில்லை, கண்ணம்மா. கண் வலி, வேலை என்று ஏதேதோ காரணம் சொல்லலாம், எதுவும் உண்மையில்லை. அப்புறம் படிக்கலாம் என்று வைத்தேன், நீ கேட்டதும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். உனக்கு அந்த நொடியே தெரிந்திருக்கும். என் தப்பு அது. நடக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

இந்தத் தடவையும் அந்தப் பக்கத்தை நீ மாற்றவில்லை. இப்போது ஒழுங்காகப் பார்த்தேன். முதல் கட்டத்தில் மார்த்தா பாத்திரத்தைக் கவிழ்க்கிறாள். இரண்டில் சுவரில் இருக்கும் போன், அதன் சுருள் வயர் அசையாமல் தொங்குகிறது. மூன்றில் அவள் முதுகு மட்டும். நாலில் ரிசீவரின் மேல் கை, கட்டைவிரல் நகத்தில் சோப்பு நுரை. ஐந்தில் ரிசீவர் அதன் இடத்திலேயே இருக்கிறது, கை இல்லை, ஆனால் வயர் மட்டும் ஆடுகிறது, இரண்டே இரண்டு வளைகோட்டில் அதைக் காட்டியிருக்கிறாய். ஆறில் நகரத்தில் கிளார்க் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்புகிறான். திருத்த எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் அவள் ரிசீவரை எடுத்து, அவனைக் கூப்பிட்டுப் பேசிவிட்டு வைத்தாளா, இல்லை எடுத்து அப்படியே வைத்துவிட்டாளா? நான் இரண்டு விதமாகவும் படித்துப் பார்த்தேன். நீ எதை நினைத்துப் போட்டாய் என்று எழுது.

அம்மா